பதின்மூன்று வயது மகளிடம் மரியாதையாகப் பேசினால் இடம் கொடுத்ததாகிவிடுமா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் எதைக் கேட்டாலும் “ஒன்றுமில்லை” என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். சென்ற வாரம் அவளது கைப்பேசியைப் பிடுங்கி பீரோவில் பூட்டினேன்; அவள் அழவில்லை, தட்டிலிருந்த தோசையை அப்படியே விட்டு எழுந்து போனாள். அடி வாங்கி வளர்ந்தவள் நான். அவளை அப்படி வளர்க்க மனமில்லை. ஆனால் தணிந்து பேசினால் தலைக்கு மேல் ஏறிவிடுவாளோ என்று அஞ்சுகிறேன்.

பதில் 1 (லாஸ்பேட்டை, புதுச்சேரி):
மரியாதை கொடுப்பதும் விட்டுக்கொடுப்பதும் ஒன்றல்ல, சகோதரி. 1960களில் டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், அதட்டி அடக்குவது, எதற்கும் தலையாட்டுவது ஆகிய இரண்டிலிருந்தும் வேறாக, அன்போடு வரம்பும் வைத்துக் காரணத்தை விளக்கும் வளர்ப்பைத் தனியே வகைப்படுத்தினார். எங்கள் வீட்டில் இரவு ஒன்பதரைக்கு எல்லோருடைய கைப்பேசியும் கூடத்து அலமாரிக்குப் போகவேண்டும் என்று மகனோடு பேசி முடிவுசெய்தோம். (முதலில் மீறியவன் நான்தான்.) முக்கியமானதைப் பேச எதிரெதிரே உட்காராதீர்கள், மாலையில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை பக்கத்தில் நடக்கும்போதுதான் என் மகன் தானாகவே வாய் திறக்கிறான். உங்களுக்கு சில்வர் பீச் இருக்கிறதே.

பதில் 2 (ஆசிரியை, நெல்லிக்குப்பம்):
இவ்வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகச் சுரப்பதால் தூக்கம் தள்ளிப்போகிறது. காலையில் “சோம்பேறி” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கேட்டவர்:
நேற்று கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், பிடுங்கியது தவறு என்றேன். “சரிம்மா” என்றாள், திரும்பிப் பார்க்காமலே. நேரத்தை இன்னும் பேசி முடிக்கவில்லை. அவள் பத்தரை கேட்கிறாள்.