காண்டெஸாவுக்கு எந்த அளவு சைலன்சர் குழாய்?

கேள்வி (கீழக்கரை): 1.8 லிட்டர் இசுசூ பெட்ரோல் எஞ்சின் கொண்ட என் பழைய காண்டெஸா காரில் கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) மட்டும் மாற்றியிருக்கிறேன். உப்புக்காற்றில் அரித்து, மஃப்ளரின் (சைலன்சரில் சத்தத்தைக் குறைக்கும் பெட்டி) பற்றவைப்புத் தையலில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டதால், புதிதாக 2.5 அங்குலக் குழாய் போடலாமா?

பதில் (மண்டபம்): 2 அங்குலமே தாராளம். குழாய் தேவைக்கு மேல் பெரிதானால் புகையின் வேகம் குறைந்து, எஞ்சினின் தாழ்ந்த சுழற்சியில் இழுவை போய்விடும். பாம்பன் பாலத்தில் ஏறும்போதே அது தெரியும். வளைவுகளில் குழாய் நசுங்காமல் வளைத்துத் தரும் பட்டறையைத் தேடுங்கள். என்னைக் கேட்டால், அளவைவிட அதுவே முக்கியம்.

பதில் (தொண்டி): கடலோரத்தில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பழுப்புப் புள்ளிகள் வரும், மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் கூடுதலாகத் தாங்கும். பற்றவைக்கும்போது குழாயின் உட்புறமும் ஆர்கான் வாயு செலுத்தச் சொல்லுங்கள். இல்லையேல் துரு அந்தத் தையலில்தான் தொடங்கும்.

பதில் (ராமநாதபுரம்): ஊருக்குள் மட்டும் ஓட்டினால் மஃப்ளர் போதிய அளவு சூடாகாமல் உள்ளே நீர் தேங்கும், அது வடிய அடியில் சிறு துளை இருக்கட்டும்.