புதுப்பிப்பு: பூச்சந்தைப் படங்கள் கலங்கியதற்குக் காரணம் லென்ஸ் இல்லை

கொல்கத்தாவில் ஹௌரா பாலத்தடியில் இருக்கும் மல்லிக் காட் பூச்சந்தையில் விடிகாலையில் எடுத்த படங்களில் பாதி கலங்கிப்போயின, லென்ஸ் கோளாறா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

லென்ஸில் ஒன்றுமில்லை. 'முதலில் ஷட்டர் வேகத்தை (ஒரு படத்துக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) பாருங்கள்' என்றவர் சொன்னதுதான் சரி. பார்த்தால் எல்லாம் 1/40, 1/60 நொடி. தலையில் செண்டுப்பூ மூட்டையோடு ஓட்டமும் நடையுமாகப் போகிறவர் அதில் எங்கே நிற்பார்!

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மறுபடி போனேன். ஒளியுணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஐஎஸ்ஓ உச்சவரம்பு 6400. படத்தில் மணல் தூவினாற்போல் கொஞ்சம் புள்ளிகள் (நாய்ஸ்) இருக்கின்றன, ஆனால் முகங்கள் தெளிவு. கேமராவை ட்ரைபாடில் (முக்காலி) நிறுத்தும் யோசனை எடுபடவில்லை. அந்த நெரிசலில் என் இரண்டு கால் ஊன்றவே இடமில்லை.

எதிர்பாராதது ஒன்று: எல்இடி பல்பு தொங்கிய கடைகளில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன. ஷட்டரை 1/100 நொடி வைத்ததும் பட்டை போய்விட்டது. அந்த வேகத்தில் நடப்பவர்கள் கலங்குவார்கள் என்பதால் அந்தக் கடைகளில் அவர்களை விட்டுவிட்டு, உட்கார்ந்து சரம் கட்டுபவர்களை மட்டும் கேட்டுக்கொண்டு எடுத்தேன். ஒருவர் கேமராத் திரையில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு இன்னொன்று எடுக்கச் சொன்னார்.

அப்புறம், செண்டுப்பூக் குவியல் வெறும் ஆரஞ்சுத் திட்டாக விழுந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவு) -0.7க்கு இறக்குங்கள். இதழ் இதழாகத் தெரியும்.