'இல்லை' சொல்வதில் எங்கே சறுக்குகிறோம்? – அனுபவப் பகிர்வு

கேட்பவர், மயிலாப்பூர்

சென்னையில் மொழி சொல்லிக்கொடுக்கிறவர்கள், துபாஷி (பேச்சை வாய்மொழியாக மொழிபெயர்ப்பவர்) வேலை பார்க்கிறவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் எழுதுங்கள். நம்ம ஆட்கள் வேறொரு மொழியில் 'இல்லை' சொல்லும்போது எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்? வகுப்பிலும் வேலையிலும் கண்ணில் படுவது வேண்டும். உதாரணம் இல்லாத பதில் வேண்டாம்.

மருத்துவத் துபாஷி, ஆயிரம் விளக்கு

தெலுங்கில் 'லே' என்ற ஒரே எழுத்து இரண்டு வேலை செய்கிறது. நெல்லூர், நாயுடுபேட்டை பக்கத்திலிருந்து வருகிறவர் "மாத்ர வேசுகோலேது" என்றால் மாத்திரை போடவில்லை. "வேசுகோலேனு" என்றால் என்னால் போட முடியாது. கடைசி எழுத்தைக் காதில் வாங்காத துபாஷி, விழுங்க முடியாமல் தவிக்கிறவரை மறதிக்காரர் ஆக்கிவிடுவார்.

விதி இதுதான். நடந்து முடிந்ததை மறுக்கும் 'லேது' நான், நீ, அவர்கள் என்று யாருக்கும் மாறாது. முடியாமையைச் சொல்லும்போது மட்டும் ஆளுக்கேற்ற விகுதி வரும்: லேனு, லேமு, லேவு, லேடு, லேரு. சிக்கல் எங்கே என்றால், பெண்ணைப் படர்க்கையில் சொல்லும்போது அந்த விகுதியும் 'லேது' தான். "ஆமெ வேசுகோலேது" என்று மகன் அம்மாவைப் பற்றிச் சொன்னால் இரண்டு பொருளும் உண்டு. மறந்துவிட்டாரா, விழுங்க முடியவில்லையா என்று அங்கேயே பிரித்துக் கேட்டுவிட வேண்டும்.

வங்காளத்தில் வேறு மாதிரி. "ஓஷுத் காயினி" என்றால் மருந்து சாப்பிடவில்லை, அதாவது இந்த வேளை விட்டுப்போயிற்று. "ஓஷுத் காய் நா" என்றால் மருந்து சாப்பிடும் வழக்கமே இல்லை. இரண்டிலும் வினை நிகழ்கால வடிவத்தில்தான் நிற்கும். இறந்தகாலத்தைக் காட்டுவது பின்னால் ஒட்டுகிற 'நி' மட்டும். கேஸ் ஷீட்டில் இவை வெவ்வேறு கட்டங்களில் எழுத வேண்டியவை.

எந்த மொழியானாலும் எதிர்மறையில் கேள்வி கேட்காதீர்கள். "காய்ச்சல் இல்லையா?" என்றால் நம்மவர் "ஆமா" என்பார். காய்ச்சல் இல்லை என்பதை ஆமோதிக்கிறார். பக்கத்தில் ஆங்கிலத்தில் குறிப்பெடுப்பவர் 'எஸ்' என்று எழுதிவிடுவார். "காய்ச்சல் இருக்கா?" என்பதோடு நிறுத்துங்கள்.

ஜப்பானிய வகுப்பு, கே.கே. நகர்

அந்தக் கடைசி விஷயத்தில் ஜப்பானியம் நம்ம கட்சி. "போகலையா?" என்றால் 'ஹாய், இகிமஸென்', அதாவது "ஆமா, போகல". தமிழில் யோசித்தால் சரியாக வருகிறது, ஆங்கிலம் வழியாகப் போகிறவர்தான் தடுமாறுகிறார்.

தவறு வருவது பெயரடையில். 'தகாய்' (விலை அதிகம்) எதிர்மறையில் 'தகக்குனாய்' ஆகும். 'ஈ' (நல்லது) 'யொக்குனாய்' ஆகும். இதைப் பார்த்துவிட்டு 'கிரேய்' (அழகு, சுத்தம்) என்பதையும் 'கிரேக்குனாய்' என்று மாற்றுவார்கள். தப்பு. அது 'இ'யில் முடிந்தாலும் வேறு வகுப்பைச் சேர்ந்தது. 'கிரேய் ஜா நாய்' என்றுதான் வரும். (முதல் வாரம் முழுக்க 'நாய்' கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும்.)

இன்னொன்று: 'கெக்கோ தெஸ்' என்றால் நேர்ப்பொருள் 'நன்றாக இருக்கிறது'. காபி வேண்டுமா என்று கேட்கும்போது அதைச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். ஊற்றிவிடாதீர்கள்.

கொரியன் கற்பிப்பவர், அண்ணா நகர்

கொரியனில் பாதி எதிர்மறை தமிழருக்கு இலவசமாகக் கிடைக்கிறது. 'அது அல்ல' என்பதற்கு ஒரு சொல், 'அனிதா' (ஆமாம், பெயர் மாதிரியேதான்). 'அது இல்லை' என்பதற்கு இன்னொன்று, 'ஒப்தா'. 'தெரியாது' என்பதற்குத் தனி வினையே உண்டு, 'மொருதா'. பேச்சில் இவை அனியேயோ, ஒப்ஸொயோ, மொல்லாயோ. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இந்தப் பிரிவினை பிடிபட மாதங்கள் ஆகும். நம்மவருக்கு ஒரு மணி நேரம் போதும்.

சறுக்குவது 'அன்'னுக்கும் 'மோத்'துக்கும் நடுவில். 'அன் காயோ' என்றால் போகவில்லை, போக விருப்பமில்லை. 'மோத் காயோ' என்றால் போக முடியவில்லை. தமிழில் "இன்னிக்கு வரல சார்" என்றால் காரணம் எதுவாகவும் இருக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய மேலதிகாரி சாப்பிடக் கூப்பிடும்போது அதே நினைப்பில் 'அன் காயோ' என்றால், "எனக்கு வர இஷ்டமில்லை" என்று முகத்துக்கு நேரே சொன்னதாக ஆகும். மறுத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் முதலில் 'மோத்'தை எடுங்கள்.

அடுத்தது 'ஹாதா' (செய்) சேர்ந்த வினைகள். 'கோங்பு' என்றால் படிப்பு. 'கோங்பு அன் ஹேயோ' என்று 'அன்' நடுவில் நுழைய வேண்டும். 'அன் கோங்புஹேயோ' தவறு. ஆனால் 'ஜோவாஹாதா' (பிடித்திருத்தல்) பிளவுபடாது, 'அன் ஜோவாஹேயோ' தான். சோதனை எளிது. முன்பாதி தனியாகப் பெயர்ச்சொல்லாக நிற்குமா? 'கோங்பு' நிற்கும், 'ஜோவா' நிற்காது. குழப்பமாக இருந்தால் நீள வடிவத்துக்குப் போங்கள். வேர்ச்சொல்லோடு 'ஜி அனாயோ' சேர்த்தால் அநேகமாக எல்லா வினைக்கும் பொருந்தும். எழுத்தில் இதுவே அழகாகவும் இருக்கும்.

'போகாதீங்க' என்பதற்கு இந்த இரண்டும் உதவாது, 'காஜி மஸேயோ'. உச்சரிப்பிலும் ஒரு பொறி. 'மோத்' பின்னால் 'ஹேயோ' வந்தால் 'மொத்தேயோ' என்று கேட்கும். 'மொகொயோ' (சாப்பிடு) வந்தால் 'மோன் மொகொயோ'. கேட்டல் தேர்வில் 'மோத்'தைத் தேடிக்கொண்டிருப்பவர் அதைத் தவறவிடுவது இதனால்தான்.

மலையாளமும் கன்னடமும், பெரம்பூர்

பேச்சுத் தமிழில் 'அல்ல'வைக் கைவிட்டுவிட்டோம். "நான் டாக்டர் இல்ல" என்கிறோம். கொச்சியில் அப்படிச் சொன்னால் கேட்பவர் புருவம் சுருங்கும். அங்கே 'டாக்டர் அல்ல' தான். எழுத்துத் தமிழை நினைத்துக்கொண்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

நம் 'வரவில்லை' நேற்றைக்கும் பொருந்தும், இப்போதைக்கும் பொருந்தும். மலையாளத்தில் 'வந்நில்ல', 'வருந்நில்ல', 'வரில்ல' என்று காலம் தனித்தனியாகத் தெரியும். கன்னடத்திலும் 'பரலில்ல' (வரவில்லை, நேற்று), 'பந்தில்ல' (இன்னும் வந்து சேரவில்லை), 'பரல்ல' (வராது, வரமாட்டேன்). பெங்களூருக்கு மாறிப்போனவர்கள் எல்லாவற்றுக்கும் 'பரல்ல' சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பிரெஞ்சு ஆசிரியர், நுங்கம்பாக்கம்

பிரெஞ்சில் மறுப்பு இரண்டு துண்டு: வினைக்கு முன்னால் 'நெ', பின்னால் 'பா'. இது எல்லோருக்கும் தெரியும். தேர்வில் மதிப்பெண் போவது அதனால் பெயர்ச்சொல்லுக்கு நேரும் மாற்றத்தில். 'ஒரு பேனா இருக்கிறது' என்பதில் வரும் 'அன் ஸ்தீலோ', மறுக்கும்போது 'த ஸ்தீலோ' ஆகிவிடும்: 'ஜெ நே பா த ஸ்தீலோ'. ஆனால் 'இது பேனா அல்ல' என்னும்போது 'அன்' அப்படியே நிற்கும். இருப்பை மறுத்தால் மாறும், அடையாளத்தை மறுத்தால் மாறாது. நம் இல்லை–அல்ல கோடு இங்கே பெயர்ச்சொல்லின் பக்கம் போய் விழுந்திருக்கிறது.

தெருவில் பேசும்போது 'நெ' காணாமல் போய்விடும், 'பா' மட்டும் மறுப்பைச் சுமக்கும். அப்போது பெரிய குழி ஒன்று திறக்கும். எழுத்தில் ஒன்றாகவே இருக்கும் ஒரு சொல்லை 'ப்ளூஸ்' என்று ஸ் ஒலிக்கச் சொன்னால் 'இன்னும்', 'ப்ளூ' என்று நிறுத்தினால் 'இனி வேண்டாம்'. 'ஜான் வோ ப்ளூஸ்' என்றால் தட்டில் இன்னொரு கரண்டி விழும். 'ஜான் வோ ப்ளூ' என்றால் தட்டை எடுத்துவிடுவார்கள்.

'பா'வின் முதல் பொருள் 'அடி', நடக்கும்போது எடுத்துவைக்கும் அடி. ஓரடிகூடப் போகவில்லை என்று அழுத்தம் கொடுக்க வந்தது. அதே மாதிரி 'துளி', 'ரொட்டித்துணுக்கு' என்ற சொற்களும் ஒருகாலத்தில் மறுப்போடு வந்துகொண்டிருந்தன. நாம் துளியும் இல்லை, இம்மியும் அசையவில்லை, ஒரு பருக்கைகூட இல்லை என்கிறோமே, அதேதான். நம்மிடம் இம்மி இம்மியாகவே நின்றது. அங்கே அடி மறுப்பாகவே மாறிவிட்டது. பழைய மறுப்புச் சொல் தேய, துணைக்கு வந்த சொல் அதன் இடத்தைப் பிடிக்கும் இந்தச் சுழற்சியை டென்மார்க் அறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1917இல் விரிவாக எழுதினார். எகிப்து அரபியில் 'மகதப்ஷ்' (அவன் எழுதவில்லை) என்பதில் கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஷ்' என்பதும் 'வஸ்து' என்று அர்த்தமுள்ள சொல்லின் மிச்சம்தான்.

பிரதி திருத்துபவர், திருவல்லிக்கேணி

எல்லோரும் வெளிமொழி பேசுகிறீர்கள். தமிழிலேயே உலகில் அரிதான ஒன்று இருக்கிறது. 'செய்வேன்' என்பதில் இருக்கும் 'வ்'வை எடுத்துவிடுங்கள், 'செய்யேன்'. எதிர்மறைக்கென்று எந்த உருபும் கண்ணுக்குத் தெரிவதில்லை. காலம் காட்டும் எழுத்து இல்லாததே மறுப்பு. அறியேன், காணேன், வேண்டேன் எல்லாம் இந்த வகை. காலமும் காட்டாது. அறியேன் என்றால் அன்றும் அறியேன், இன்றும் அறியேன். பேச்சில் உயிரோடு இருப்பவை வராது, தெரியாது, முடியாது போன்ற அஃறிணை வடிவங்கள்.

மற்றொரு பொக்கிஷம் 'மாட்டேன்'. மறுக்கும் சொல்லே ஆளைக் காட்டுகிறது: மாட்டேன், மாட்டாய், மாட்டார், மாட்டோம். பின்லாந்து மொழி அச்சு அசலாக இப்படித்தான். 'என் துலே' (நான் வரமாட்டேன்), 'எத் துலே' (நீ வரமாட்டாய்), 'எய் துலே' (அவர் வரமாட்டார்), 'எம்மெ துலே' (நாங்கள் வரமாட்டோம்). மறுப்புச் சொல் இடமும் எண்ணும் காட்ட, வினை மொட்டையாக நிற்கும். பக்கத்து எஸ்தோனிய மொழியில் தேய்ந்துபோய் எல்லோருக்கும் ஒரே 'எய்'. நம்மிடமும் அதே தேய்மானம் உண்டு. அல்லேன், அல்லன், அல்லள், அல்லர், அன்று என்று இருந்தவை போய், பன்மை அஃறிணைக்கு உரிய 'அல்ல' எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. 'அது அல்ல' என்பதைத் திருத்தி 'அது அன்று' ஆக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். வாசகர் 'அன்றைக்கு' என்று படிக்கிறார்.

உலக மொழிகளின் கட்டமைப்பு பற்றிய அட்லஸில் மேத்யூ டிரையர் 1,157 மொழிகளைப் பிரித்துக் காட்டியிருக்கிறார். 502இல் மறுப்பு தனி இடைச்சொல், 395இல் வினையோடு ஒட்டும் உருபு. மறுப்பே துணைவினையாக நடப்பது 47இல் மட்டும்.

கேட்பவர், மயிலாப்பூர்

தலையாட்டலை யாரும் சொல்லவில்லையே?

கொரியன் கற்பிப்பவர், அண்ணா நகர்

துருக்கியிலும் கிரேக்கத்திலும் தலையை மேலே தூக்கி நாக்கை ஒரு சொடுக்கு சொடுக்கினால் 'இல்லை'. நம் 'ப்ச்'சுக்குத் தூரத்து உறவு மாதிரி தெரியும். கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆமாம், கொரியனிலும் 'நே' என்றால் ஆமாம். இந்தி தெரிந்த காதுக்கு இரண்டும் மறுப்பாகவே விழும்.

இந்தி, தி. நகர்

இரண்டே விஷயம். கூட்டுவினை மறுப்பில் கரைந்துவிடும். 'வோ ஆ கயா' (வந்துவிட்டார்) என்பதை மறுத்தால் 'வோ நஹீம் ஆயா'. 'நஹீம் ஆ கயா' என்று தமிழர் மட்டும்தான் சொல்வார்கள், 'வந்துவிடவில்லை' மனதில் இருப்பதால். 'ரோஸ் ஆதா ஹை' மறுப்பில் 'ரோஸ் நஹீம் ஆதா', 'ஹை' பொதுவாக உதிர்ந்துவிடும்.

இரண்டாவது 'ஜப் தக் வோ ந ஆ ஜாயே'. இதில் 'ந' இருக்கிறது, ஆனால் தமிழில் 'அவர் வரும் வரை'. டப்பிங் வசனத்தில் இது 'அவர் வராத வரை' என்று வந்து விழும். 'ஜப் தக்' பார்த்தவுடன் 'ந'வை அடித்துவிட்டு மொழிபெயர்க்கத் தொடங்குங்கள்.

ஜெர்மன், அடையாறு

ஒரே குறிப்பு. 'முஸ் நிஷ்ட்' என்றால் 'செய்யத் தேவையில்லை'. 'செய்யக்கூடாது' என்பதற்கு 'டார்ஃப் நிஷ்ட்'. ஆங்கில 'மஸ்ட் நாட்' நினைப்பில் முதலாவதைத் தடைப்பலகையில் எழுதினால் அது அனுமதிச் சீட்டாகிவிடும். தமிழில் தேவையில்லை, கூடாது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினால் தவறாது.

செயலித் தமிழாக்கம், தரமணி

எங்களுக்கு வரும் ஆங்கில வரிகளில் 'நோ' என்று ஒற்றைச் சொல் வரும், எந்தத் திரை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சலுகையை மறுக்கும் பொத்தான் என்றால் 'வேண்டாம்'. தகவல் கேள்வி என்றால் 'இல்லை'. ஸ்கிரீன்ஷாட் கேட்காமல் அந்த வரியைத் தொடாதீர்கள்.

'ரத்து செய்ய வேண்டாமா?' என்று கேட்டுவிட்டுக் கீழே 'ஆம்', 'இல்லை' வைத்தால், மேலே மருத்துவத் துபாஷி சொன்ன அதே வம்பு. பொத்தானில் வினையை எழுதுங்கள்: 'ரத்து செய்', 'வைத்திரு'.

டெவலப்பர்கள் 'நாட்' என்ற துண்டைத் தனியாக வைத்து வாக்கியத்தில் ஒட்டப் பார்ப்பார்கள். தமிழில் 'கிடைக்கும்' மறுப்பில் 'கிடைக்காது' ஆகிறது, வால் முழுக்க மாறுகிறது. ஒட்டுப்போட வழியில்லை. உடன்பாட்டுக்கு ஒரு முழு வரி, எதிர்மறைக்கு ஒரு முழு வரி என்று இரண்டு கேட்டு வாங்குங்கள்.

'எல்லா ஃபைல்களும் சேமிக்கப்படவில்லை' என்ற வரியையும் விடாதீர்கள். ஒன்றுமே சேமிக்கப்படவில்லையா, சில மட்டும் விட்டுப்போனதா என்று படிப்பவருக்குத் தெரியாது. முதலாவது என்றால் 'எந்த ஃபைலும் சேமிக்கப்படவில்லை', இரண்டாவது என்றால் 'சில ஃபைல்கள் சேமிக்கப்படவில்லை'. எது என்று நிரல் எழுதியவரைக் கேட்டாக வேண்டும், ஆங்கில வரியிலும் பெரும்பாலும் அதே குழப்பம் இருக்கும்.