முதல் தோல்விக்குப் பிறகு இளம் ஹெவிவெயிட்: பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஈஸ்ட்ஹாம் கிழவன்

குத்துச்சண்டையில் அதுவரை தோற்காத இளம் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) வீரன் ஒருவன் முதன்முறை விழுந்தால் போதும், "இனி தேறமாட்டான்" என்று ஒரு கூட்டமும் "மீண்டு வருவான்" என்று இன்னொரு கூட்டமும் கிளம்பிவிடுகின்றன. ஆரூடம் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நேரில் கண்டது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். லண்டன் வீரர் டேனியல் டுபுவாவை வைத்து நானே தொடங்கிவைக்கிறேன்.

2020 நவம்பர் 28, வெஸ்ட்மின்ஸ்டர் சர்ச் ஹவுஸ். கொரோனா காலம் என்பதால் பார்வையாளர் இல்லை. டுபுவாவுக்கு வயது 23. 15 போட்டி, 15 வெற்றி, அதில் 14 நாக் அவுட். எதிரே 35 வயது ஜோ ஜாய்ஸ், ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர். கூட்டம் இல்லாததால் கையுறை முகத்தில் படும் சத்தம் தொலைக்காட்சியில் அப்படியே கேட்டது. ஜாய்ஸ் வித்தை எதுவும் காட்டவில்லை. இடது கையை நீட்டி நீட்டி ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தார். டுபுவாவின் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. பத்தாவது சுற்றில் இன்னொரு குத்து விழுந்ததும் ஒரு முழங்காலை ஊன்றியவர், நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை எழவில்லை.

அன்றிரவே "விட்டுக்கொடுத்துவிட்டான்" என்று பேச ஆரம்பித்தார்கள். முன்னாள் வீரர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள்.

டுபுவா அப்போது மார்ட்டின் பவர்ஸிடம் பயிற்சி எடுத்தது கேனிங் டவுனில் இருந்த பீகாக் ஜிம்மில். வேலைக்குப் போகும் வழியில் எனக்குப் பழக்கமான கட்டிடம். வாசலில் ஒரு வெண்கலச் சிலை நின்றது: பிராட்லி ஸ்டோன். 1994 ஏப்ரலில் பெத்னல் கிரீன் யார்க் ஹாலில் பிரிட்டிஷ் பட்டத்துக்காக ஆடித் தோற்று, இரண்டே நாளில் இறந்துபோன வீரர். மூளையில் இரத்தம் கட்டிவிட்டது. அவருக்கும் வயது 23. அந்தச் சிலையைத் தாண்டித்தான் டுபுவா பயிற்சிக்குப் போய்வந்தார். ஒற்றைக் கண்ணோடு ஏன் தொடரவில்லை என்று அவரைக் கேட்க எனக்கு வாய் வராது.

கண் வார்டு தாதி

கிழவன் ஐயா, எனக்குக் குத்துச்சண்டை அவ்வளவாகத் தெரியாது, என் கணவர்தான் பைத்தியம். ஆனால் கண்குழி எலும்பு முறிவும் விழித்திரையில் இரத்தக்கசிவும் என்று டுபுவா பற்றிச் செய்தி வந்தபோது, வீட்டில் அதைப் புரிந்துகொண்டது நான்தான்.

கண்குழியின் அடித்தளம் முட்டை ஓடு மாதிரி மெல்லியது. அது உடைந்தால் கண்ணை அசைக்கும் தசை பிளவில் மாட்டிக்கொள்ளலாம். மேலே பாருங்கள் என்றால் ஒரு கண் ஏறும், மற்றது நின்றுவிடும். ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். இப்படி வருபவர்களிடம் நாங்கள் முதலில் சொல்வது, மூக்கைச் சிந்தாதீர்கள் என்பதுதான். ரக்பி ஆடி அடிபட்டு வந்த ஒரு பையன், சொல்லியும் கேளாமல் பலமாகச் சிந்திவிட்டான். சைனஸில் இருந்த காற்று முறிவு வழியே ஏறி, என் கண் முன்னாலேயே இமை உப்பியது. விரல் வைத்தால் தோலுக்கடியில் நறநறவென்றது. ஆறடி ஆள், என் கையை விடவே இல்லை.

அந்த நிலையில் இருப்பவரை 110 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர் இன்னும் இரண்டு சுற்று குத்தட்டும் என்று சோபாவில் சாய்ந்துகொண்டு சொல்வது சுலபம். எலும்பு கூடிவிடும். விழித்திரை கிழிந்தால் மறுபடி ரிங்கில் ஏறுவதே கேள்விக்குறி. என்னைக் கேட்டால், அவர் எதிர்காலத்தைக் காப்பாற்றியது அந்த முழங்கால்தான். அடுத்த ஜூனிலேயே டெல்ஃபோர்டில் ஆடி பொக்டான் டினுவை இரண்டாவது சுற்றில் சாய்த்துவிட்டாரே.

ஸ்ட்ராட்ஃபோர்ட் தம்பி

தாதி அக்கா சொன்னதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. 2023 ஏப்ரல் 15 அன்று நான் காப்பர் பாக்ஸ் அரங்கில் இருந்தேன். அதே ஜோ ஜாய்ஸ், எதிரே சீனாவின் ஜாங் ஜிலெய். வேடிக்கை பாருங்கள்: அன்றைக்கு ஜாய்ஸிடமும் அதே கணக்கு, 15 வெற்றி, 14 நாக் அவுட், தோல்வி இல்லை. ஜாங் இடதுகைக்காரர். அவருடைய நேர் இடதுகைக் குத்து ஒவ்வொரு முறையும் ஜாய்ஸின் வலது கண்ணில் போய் இறங்கியது. மேல் வரிசையில் இருந்த எங்களுக்கே வீக்கம் தெரிந்தது. ஆறாவது சுற்றில் நடுவர் அவரை மருத்துவரிடம் அழைத்துப்போய்க் காட்டினார். போட்டி அத்தோடு நின்றது.

ஜாய்ஸைக் கோழை என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. கண் மூடிக்கொண்டது இருவருக்கும்தான். இங்கே நடுவர் நிறுத்தினார், அங்கே அந்தப் பையனே முடிவெடுக்க வேண்டியிருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்து நடந்ததையும் கவனியுங்கள். டுபுவாவுக்கு டினு, பிறகு அமெரிக்காவில் ஜோ குசுமானோ என்று படிப்படியாகக் கொடுத்தார்கள். பயிற்சியாளரும் மாறினார். ஜாய்ஸ் ஐந்தே மாதத்தில் ஜாங்குடன் மறுபோட்டிக்கு நின்றார்; மூன்றாவது சுற்றில் நாக் அவுட். பிறகு சிசோராவிடமும் தோல்வி, ஹர்கோவிச்சிடமும் தோல்வி. 37 வயதுக்காரருக்குக் காத்திருக்க நேரமில்லை என்பது புரிகிறது. 23 வயதில் விழுவதில் ஒரு சலுகை உண்டு, அதைப் பயன்படுத்திக்கொள்ளும் மேலாளர் கிடைத்தால்.

பழைய டேப்

எல்லோரும் டுபுவாவுக்கு வக்கீலாகிவிட்டீர்கள், எதிர்க்கட்சிக்கும் ஒருவர் வேண்டாமா? 2023 ஆகஸ்டில் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃபில் உக்ரைனின் உலகச் சாம்பியன் உசிக்கிடம் ஒன்பதாவது சுற்றில் மறுபடி எண்ணி முடியும்வரை எழவில்லையே, அப்போது எந்த எலும்பு உடைந்திருந்தது? ஐந்தாவது சுற்றில் அவர் உசிக்கை வீழ்த்திய குத்தை இடுப்புக்குக் கீழே பட்டது என்று நடுவர் தள்ளிவிட்டார், அது விவாதத்துக்குரியதுதான். அதற்காக ஒன்பதாவது சுற்றை மறந்துவிட முடியாது.

அது இருக்கட்டும். 1994 செப்டம்பரில் லெனாக்ஸ் லூயிஸ் முதன்முதலாகத் தோற்றபோது நான் வெம்ப்ளி அரங்கில் இருந்தேன். இரண்டாவது சுற்று, ஆலிவர் மெக்காலின் ஒரே ஒரு வலதுகை. லூயிஸ் எழுந்தார், ஆனால் கால் நிற்கவில்லை, நடுவர் நிறுத்திவிட்டார். சுற்றியிருந்தவர்கள் நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். லூயிஸ் என்ன செய்தார் தெரியுமா? தன்னைத் தோற்கடித்தவனின் பயிற்சியாளரான இமானுவேல் ஸ்டூவர்டையே தன் பக்கம் அழைத்துக்கொண்டார். விளாடிமிர் கிளிட்ச்கோவும் அதே ஆளிடம் வந்து சேர்ந்தவர்தான். அவர் 1998இல், 22 வயதில், சொந்த ஊரான கீவில் ராஸ் பியூரிட்டியிடம் மூச்சு வாங்கித் தோற்றார். பியூரிட்டி ஏற்கெனவே 13 முறை தோற்ற ஆள்! ஸ்டூவர்ட் வந்த பிறகும் 2004இல் ஒரு தடவை விழுந்தார், அதற்கப்புறம் 2015 வரை அவரை யாரும் தோற்கடிக்கவில்லை.

தோற்ற பையன் என்ன பேட்டி கொடுக்கிறான் என்று நான் பார்ப்பதில்லை. அடுத்த போட்டியில் அவன் மூலையில் பயிற்சியாளராக யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பேன்.

வெம்ப்ளிவாசி

டேப் அண்ணா, மூலையைப் பற்றிச் சொன்னீர்கள். டுபுவாவுக்கு பவர்ஸுக்குப் பின் ஷேன் மக்கீகன், அவருக்குப் பின் 2023 முதல் டான் சார்ல்ஸ். சார்ல்ஸ் வந்த முதல் போட்டியிலேயே நீங்கள் சொன்ன உசிக் தோல்வி. ஆக, உங்கள் விதிக்கும் பொறுமை வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த மூன்று போட்டிகளில்தான் ஆளே வேறு. ரியாத்தில் ஜாரெல் மில்லரைப் பத்தாவது சுற்றின் கடைசி நொடிகளில் நிறுத்தினார். அதுவரை தோற்காத ஹர்கோவிச்சின் முகத்தைக் கிழித்து எட்டாவது சுற்றில் முடித்தார். மூன்றாவது, 2024 செப்டம்பர் 21, எங்கள் ஊர் மைதானத்தில் அந்தோனி ஜோஷுவா.

அன்றைக்கு 96,000 பேர் என்றார்கள். என்னைச் சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் ஜோஷுவா ஆட்கள்; முன்வரிசைக்காரர் டுபுவாவை "அந்த மண்டி போட்ட பையன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். முதல் சுற்றின் முடிவில் ஜோஷுவா விழுந்தபோது அவர் பியரை உதட்டில் வைத்தபடியே உறைந்துவிட்டார். ஐந்தாவது சுற்றில் ஜோஷுவாவின் வலதுகை ஒன்று டுபுவாவை நன்றாக ஆட்டியது. மைதானமே எழுந்துவிட்டது, நானும்தான். ஜோஷுவா முடித்துவிடலாம் என்று, கீழிருந்து மேலே குத்தும் அப்பர்கட்டோடு உள்ளே பாய்ந்தார். பின்வாங்க வேண்டிய இடத்தில் டுபுவா நின்று, குறுக்கே ஒரு வலதுகையை விட்டார். ஜோஷுவா முகம் குப்புறப் போனார். முன்வரிசைக்காரர் கோட்டை எடுத்துக்கொண்டு நடுவர் எண்ணி முடிப்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

2025 ஜூலையில் அதே மைதானத்தில் உசிக் அவரை ஐந்தாவது சுற்றில் சாய்த்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டேப் அண்ணா விடமாட்டார். உசிக்கிடம் தோற்காதவர் யார்?

ஈஸ்ட்ஹாம் கிழவன்

டேப் தம்பி, உங்கள் கட்சிக்கு ஒரு ஓட்டு குறைவாகவே போட்டுக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் டாட்டன்ஹாம் மைதானத்தில் கெவின் லெரீனாவிடம் முதல் சுற்றிலேயே மூன்று முறை தரையைத் தொட்டு, முழங்காலில் காயம்பட்ட நிலையிலும் மூன்றாவது சுற்றில் ஜெயித்தவனும் இதே டுபுவாதான்.

அடுத்து ஜாரட் ஆண்டர்சனைப் பேசலாம். 17 வெற்றிகளோடு வந்து, 24 வயதில், 2024 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் மார்ட்டின் பக்கோலேயிடம் ஐந்தாவது சுற்றில் விழுந்தவர். ஒஹையோ பக்கம் இருப்பவர்கள், குறிப்பாக டொலிடோவில் அவர் பயிற்சியைப் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.