பெரியப்பா தொண்டையும் வாஷிங்டன் தொண்டையும் (நம்ம வீட்டு குரூப்)

பெரியப்பா: காலைல இருந்து தொண்டை கட்டிக்கிச்சு. நேத்து மழைல நனைஞ்சு வந்து அதே ஈரச் சட்டையோட சாப்பிட உக்காந்தேன், அதுதான் வேலையக் காட்டிருச்சு

சரோஜா அத்தை: அண்ணே பால்ல மிளகும் மஞ்சளும் தட்டிப் போட்டுக் குடிங்க, உப்புத் தண்ணி கொப்புளிங்க

செந்தில் மாமா: சித்தரத்தைய வாயில அடக்கிக்கங்க மச்சான்

கார்த்தி: போன தடவ வாங்குன ஆன்டிபயாடிக் மிச்சம் இருக்கும்ல பெரியப்பா, அதைப் போடுங்க

டாக்டர் பிரியா: கார்த்தி நீ வாயை மூடு

தேவி: ஐயோ ஈரச் சட்டையோடவா?? நேத்துதான் இங்க வர்ஜீனியால அமெரிக்காவோட மொத ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டுக்கு, மவுன்ட் வெர்னான், போய்ட்டு வந்தோம். அவர் கதையும் அச்சு அசல் இதேதான். 1799 டிசம்பர் 12 குதிரைல பண்ணைய சுத்திப் பாக்கப் போயிருக்காரு, பனியும் ஆலங்கட்டியும் மழையும் மாத்தி மாத்தி அடிச்சிருக்கு, வந்தா சாப்பாடு ரெடியா இருக்கு, மத்தவங்கள காக்க வைக்கக் கூடாதுன்னு துணி மாத்தாம அப்டியே உக்காந்துட்டாரு. 14 ராத்திரி ஆள் காலி

பெரியப்பா: நல்ல நேரம் பாத்து சொன்னம்மா

பெரியம்மா: வாய கழுவு தேவி

தேவி: இல்ல பெரியம்மா அவருக்கு வந்த நோயை விட பண்ணுன வைத்தியம்தான் கொடுமை. விடியக்காலைல மூச்சு விட முடியாம எந்திரிச்சிருக்காரு. டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே பண்ணைய மேப்பாக்குற ஆளைக் கூப்ட்டு ரத்தம் எடுக்கச் சொல்லிட்டாரு. அவனுக்கு கை நடுங்குது, இவரு பயப்படாதேங்குறாரு, கீறுனது பத்தலன்னு வேற சொல்றாரு. பொண்டாட்டி மார்த்தா போதும் போதும்னு கெஞ்சுது

கார்த்தி: தொண்டை வலிக்கு எதுக்கு ரத்தம்?

தேவி: உடம்புல ரத்தம் ஓவரா சேந்து சூடாகித்தான் வீக்கம் வருதுன்னு அப்ப நிறைய டாக்டருங்க நம்புனாங்க. அவரும் நம்புனாரு. அன்னைக்கு ஒரே நாள்ல 4 தடவ எடுத்திருக்காங்க, மொத்தம் ரெண்டு லிட்டருக்கு மேல

டாக்டர் பிரியா: நம்ம ரத்ததானத்துல எடுக்குறது 350 மில்லி. அவருக்கு உடம்புல இருந்ததுல கிட்டத்தட்ட 40 சதவீதம் போயிருக்கும். வயசு 67

செந்தில் மாமா: எதால கீறுவாங்க? பிளேடா?

தேவி: அந்தக் காலத்துக் கருவி ஒண்ணு வேற மியூசியத்துல பாத்திருக்கேன் மாமா. தீப்பெட்டி சைஸ்ல பித்தளை டப்பா, உள்ள ஸ்பிரிங், மேல விசை. கைல வச்சு அமுக்குனா சின்ன கத்தி டக்குன்னு பாஞ்சு நரம்ப கீறிட்டு நிக்கும். சாதா மடக்குக் கத்தி மாதிரியும் உண்டு. அவருக்கு எதை வச்சாங்கன்னு கேக்காதீங்க

செந்தில் மாமா: எலிப்பொறி டெக்னிக்

சரோஜா அத்தை: கை வைத்தியம் எதுவும் பண்ணலயா

தேவி: பண்ணாங்களே அத்தை. கரும்புப் பாகு, வினிகர், வெண்ணெய் மூணையும் கலந்து குடுத்தாங்க, முழுங்க முடியாம மூச்சே அடைச்சிருச்சு. ஒரு வண்டை பொடி பண்ணி கழுத்துல பத்து போட்டு கொப்புளம் வர வச்சாங்க, விஷத்தண்ணி வெளிய வந்துரும்னு. அப்புறம் பேதிக்கு பாதரச மருந்து

சரோஜா அத்தை: வண்டா!! நம்ம மிளகுப் பால் எவ்ளோ தேவல

டாக்டர் பிரியா: அதுல 3 டாக்டர் இருந்தாங்க, நாங்க காலேஜ்ல படிச்சிருக்கோம். இருக்குறதுலயே சின்னவர் எலைஷா டிக், இனிமே ரத்தம் எடுக்காதீங்க, தொண்டைல ஓட்டை போட்டு மூச்சுக்கு வழி பண்ணுவோம்னாரு. பெரியவங்க ஒத்துக்கல. இப்ப பாக்குறவங்க நிறைய பேர் குரல்வளைக்கு மேல இருக்குற சின்ன மூடி வீங்கி மூச்சை அடைச்சிருக்கும்ங்குறாங்க, அப்டின்னா சின்னவர் சொன்னதுதான் ரைட்டு

கார்த்தி: சின்னவங்க பேச்சை யாரு கேட்டா

டாக்டர் பிரியா: ஆன்டிபயாடிக் மேட்டர்ல உன் பேச்சை கேக்காம இருந்தா சரி

தேவி: இதை விட கேளுங்க, மறுநாள் வில்லியம் தார்ன்டன்னு ஃப்ரெண்டு ஒருத்தரு வந்தாரு, கேப்பிட்டல்னு அமெரிக்க பார்லிமென்ட் கட்டடத்துக்கு டிசைன் போட்டவரு, வைத்தியமும் படிச்சவரு. பொணம் குளிர்ல விறைச்சு கிடக்கு, அதை சூடு பண்ணி தொண்டைய திறந்து காத்து ஊதி ஆட்டுக்குட்டி ரத்தம் ஏத்துனா எழுப்பிரலாம்னு சொன்னாரு. மத்தவங்க வேண்டாம்னுட்டாங்க

பெரியம்மா: எடுத்ததும் ரத்தம் ஏத்துறதும் ரத்தமா

செந்தில் மாமா: பட்டறை எதும் இருந்துச்சா அங்க

தேவி: இருக்கு மாமா, கொல்லுப் பட்டறை. பெரிய தோல் துருத்திய ஒருத்தர் இழுக்க இன்னொருத்தர் பட்டடைல வச்சு கொக்கி அடிச்சிட்டு இருந்தாரு, சம்மட்டி குறடு எல்லாம் நம்ம ஊரு மாதிரியே. அந்தக் காலத்துல அங்க அடிச்சது நாட், ஜார்ஜ்னு ரெண்டு அடிமைகளாம். அவர் சாகும்போது அந்தப் பண்ணைல 317 அடிமைகள் இருந்திருக்காங்க

கார்த்தி: வாஷிங்டனுக்கு மரத்துல பல்செட்டுன்னு சொல்வாங்களே, அந்த மரப்பல்லு பாத்தியா

தேவி: மரமே இல்லடா அது கட்டுக்கதை. ஈயத்துல அச்சு, நீர்யானை தந்தம், மனுசப் பல்லு, ஸ்பிரிங் வேற, அது தெறிக்காம இருக்க வாய அமுக்கிப் பிடிக்கணும். 1784ல அடிமைகள்கிட்ட 9 பல்லு வாங்குனதுக்கு 122 ஷில்லிங்னு அவர் கணக்குலயே இருக்கு. அந்தப் பல்லு அவர் வாய்க்குத்தான் போச்சான்னு தெரியாது, ஆனா எனக்கு அந்த இடத்துல நிக்கவே பிடிக்கல

தேவி: செத்த ரூம்ல ஒண்ணு சொன்னாங்க. கிறிஸ்டோஃபர் ஷீல்ஸ்னு அவரோட கூட இருந்த அடிமைப் பையன், நாள் முழுக்க கட்டில் பக்கத்துலயே நின்னுருக்கான். மத்தியானத்துக்கு மேல மூச்சு விட முடியாத நேரத்துலதான் அவரு பாத்துட்டு உக்காருன்னாராம். அதுவரைக்கும் அந்தப் பையனை உக்காரச் சொல்ல யாருக்கும் தோணல

சரோஜா அத்தை: ம்

டாக்டர் பிரியா: பெரியப்பா ஒண்ணு கேக்கணும், முழுங்க முடியுதா? எச்சி வழியுதா, மூச்சு இழுக்குதா? அப்டி இருந்தா வீட்ல எதுவும் பாக்காம உடனே ஆஸ்பத்திரி போங்க

பெரியப்பா: அதெல்லாம் இல்லம்மா, இப்பதான் 4 இட்லி உள்ள போச்சு

பெரியம்மா: 7