பிள்ளை வயித்தில இருக்கேக்க 4ம் மாசத்தில இருந்து 7ம் மாசம் வரைக்கும் உங்களுக்கு எப்பிடி இருந்தது? வந்து சொல்லுங்கோ

கடலோரம்06:
எனக்கு இப்ப 14 வாரம், முதல் பிள்ளை, இருக்கிறது வெள்ளவத்தையில. மூண்டு மாசமா சத்தி எடுத்து எடுத்து உடுப்பெல்லாம் லூசாப் போச்சு, இப்பதான் கொஞ்சம் பசிக்கத் தொடங்கியிருக்கு. அம்மா சொல்லுறா இனி ஏழாம் மாசம் மட்டும் ஒரு கரைச்சலும் இல்லையாம் எண்டு, மச்சாள் சொல்லுறா பயப்பிடுத்துற டெஸ்ட் எல்லாம் இனித்தான் வருமாம் எண்டு. ஆர் சொல்லுறது சரி? மிட்வைஃப் மிஸ் நல்லவா, வீட்ட வந்து எல்லாம் பாத்து அட்டையும் எழுதித் தந்தவா, ஆனா கிளினிக்கில சனம் கூட, கேக்க நினைச்சது ஒண்டும் அந்த நேரம் வாயில வருதில்ல.

ரெண்டு பெட்டையளின்ர அம்மா:
ரெண்டு பேரும் சரி தங்கச்சி. சத்தி நிண்டுது, பிட்டும் மீன் குழம்பும் திரும்பவும் ருசிச்சுது, அது உண்மை. ஆனா வேற வேற வரும். பல்லு மினுக்கேக்க முரசில ரத்தம், காலமை மூக்குச் சீறினா அதிலயும் கொஞ்சம், உடம்பில ரத்தம் கூடுறதால அப்பிடியாம், பயப்பிடத் தேவையில்ல. திடீரெண்டு எழும்பினா அடிவயித்தில ஒரு பக்கமா சுரீர் எண்டு இழுக்கும், கர்ப்பப்பையைத் தாங்கிற நார் இழுபடுறதாம். கொஞ்சம் சரிஞ்சு இருந்தா விட்டிடும். விடாம விட்டுவிட்டு நொந்தா அது வேற, அதைக் கட்டாயம் காட்டோணும்.

குளிசைதான் பெரிய கதை. 12 வாரத்துக்குப் பிறகு கிளினிக்கில இரும்புக் குளிசை, விற்றமின் சி, கல்சியம், பிறகு பூச்சிக் குளிசை ஒண்டு, திரிபோஷ எண்ட சத்துமாப் பக்கெற் எண்டு ஒரு பை நிறையத் தருவினம். இரும்பையும் கல்சியத்தையும் ஒண்டாப் போடாதேங்கோ, ஒண்டு மற்றதைச் சேர விடாது. நான் கல்சியம் மத்தியானம், இரும்பு ராவில. இரும்பு போட்டிட்டு உடன தேத்தண்ணி குடிக்கவும் கூடாது, எங்கட வீட்டில அதுதான் சண்டை, மாமி சாப்பாட்டோட பிளேன்டீ இல்லாம இருக்கமாட்டா, எனக்கும் சேத்து ஊத்திப்போடுவா. மலம் கறுப்பாப் போகும், முக்கவும் வேண்டி வரும், வாழைப்பழமும் வல்லாரைச் சம்பலும் தண்ணியும்தான் கைகுடுத்தது.

கொட்டாஞ்சேனைக்காரி:
எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு, "துடிப்பு தெரியுதா?" எனக்கு 20 வாரம் தாண்டியும் ஒண்ணுமே தெரியல. ஆபீஸ்ல பக்கத்து சீட் அக்கா அவங்களுக்கு 16லயே தெரிஞ்சிச்சின்னு சொல்லிட்டாங்க, அது அவங்களுக்கு ரெண்டாவது புள்ளைங்கிறத சொல்லவே இல்ல, நான் ராத்திரி எல்லாம் வயித்துல கைய வச்சிக்கிட்டு அழுதுகிட்டே கெடந்தேன், எங்க வீட்டுக்காரரு டோர்ச் அடிச்சிப் பாக்கலாமான்னு கேட்டாரு, என்னத்த சொல்றது. அப்புறம் உறுப்பெல்லாம் சரியா இருக்கான்னு பாக்குற பெரிய ஸ்கேன், 18லேருந்து 22 வாரத்துக்குள்ள எடுக்குறது, அதுலதான் டொக்டர் சொன்னாங்க நச்சுக்கொடி முன்பக்கமா இருக்கு, அதால உதைக்கிறது லேட்டாத்தான் தெரியும்னு. ஸ்கேன்ல புள்ள கை கால ஆட்டிக்கிட்டு ஜாலியா இருக்கு, எனக்குத்தான் தெரியல. கொஞ்ச நாள் கழிச்சி 100ம் நம்பர் பஸ்ல போய்க்கிட்டிருக்கும்போது உள்ளுக்குள்ள ஃபோன் வைப்ரேட் ஆகுற மாதிரி ஒண்ணு, கைப்பைல இருந்த ஃபோனையே எடுத்துப் பாத்தேன்னா பாத்துக்கோங்க. முதல் புள்ளன்னா 18, 20, சிலருக்கு அதுக்கும் மேல ஆகும். 24 ஆகியும் சுத்தமா ஒண்ணும் தெரியலன்னா மட்டும் சும்மா இருக்காம போய்க் காட்டிடுங்க.

பஸ்ல முன்னால கர்ப்பிணிகளுக்குன்னு எழுதின சீட் இருக்கு, வயிறு தெரியாத மாசத்துல யாரும் எழும்ப மாட்டாங்க, வாயத் தொறந்து கேளுங்க. ஆபீஸ்லயும் இப்பவே சொல்லி வைங்க, 2018க்கு அப்புறம் கடை, ஆபீஸ் வேலைக்கும் எத்தனாவது புள்ளையா இருந்தாலும் 84 நாள் லீவு.

தெமட்டகொட ராத்தா:
மச்சாள் சொன்ன டெஸ்ட் சீனி டெஸ்டா இருக்கும். 24 வாரத்துக்கும் 28க்கும் இடையில செய்ற. ராவைக்கு சாப்பிட்டுட்டு காலையில வெறும் வயித்தோட போகோணும், முதல் ஒரு ரத்தம் எடுப்பாங்க, பொறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைச்சுத் தாற, அத அஞ்சு நிமிஷத்துக்குள்ள குடிச்சு முடிக்கோணும், பொறகு ஒரு மணித்தியாலத்துல ஒண்டு, ரெண்டு மணித்தியாலத்துல ஒண்டு. சத்தி எடுத்தா இன்னொரு நாளைக்கு மறுபடி. நடந்து திரிய வாணாம், ஒரு புத்தகம் கொண்டு போங்க, பொறகு திண்ண ஏதாச்சும் கட்டிக் கொண்டு போங்க. எனக்கு வெறும் வயித்துல சரி, ரெண்டாவது மணித்தியாலம் 153க்கு மேல போய்ட்டு. எண்ட உம்மா வட்டிலப்பத்தயும் என்னயும் மாறி மாறிப் பார்த்த பார்வ இருக்கே! ஊசி இல்லாம சாப்பாட்டாலயும் நடையாலயும் அடக்கின, சோறு கொறைச்சு, கீரை பருப்பு கூட்டி, சாப்பிட்டு அரை மணித்தியாலம் மாப்புளயோட நடந்து. எல்லாருக்கும் அது போதாது, சிலருக்கு இன்சுலின் தேவப்படும், அதுல வெக்கப்பட ஒண்டும் இல்ல. புள்ள பொறந்து ஆறு கிழமையால திரும்ப டெஸ்ட் செய்யோணும், அத நெறைய பேர் விட்டுர்ராங்க.

நோன்பு மாசமும் அதுக்குள்ள வந்த. டொக்டர் பிடிக்க வாணாண்டு சொன்ன, பொறகு களாச் செஞ்ச, விட்ட நோன்ப வேற நாள்ல பிடிச்ச. வீட்டுல ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல, பக்கத்து வீட்டுலதான் சொன்ன.

தெஹிவளை வாசி:
கொழும்பில இருக்கிறபடியால இதைச் சொல்லத்தான் வேணும். எனக்கு 25ம் வாரத்தில காய்ச்சல், மேல் நோவு, கண்ணுக்குப் பின்னால குத்து. வீட்டில "ரெண்டு நாள் பாப்பம், மழைக் காய்ச்சலா இருக்கும்" எண்டினம், நல்ல காலம் அண்டைக்கே மிட்வைஃப் மிஸ்ஸுக்கு கோல் எடுத்தன், அவ ஏசி அனுப்பினா. வயித்தில பிள்ளையோட காய்ச்சல் எண்டா முதல் நாளே போகோணும், மற்றவை மாதிரி மூண்டாம் நாள் மட்டும் பாத்துக்கொண்டிருக்கேலாது. டெங்குதான். பரசிற்றமோல் தவிர வேற நோக்குளிசை ஒண்டும் போடக்கூடாது, புரூஃபன், டைக்ளோஃபெனக் எல்லாம் ரத்தப்போக்கைக் கூட்டிவிடும். குடிக்கிறதும் மூத்திரம் போறதும் அளந்து எழுதினவை. வார்ட்டில ஒரு டொக்டர் விளங்கப்படுத்தினவர், கர்ப்பத்தில ரத்தம் ஏற்கனவே கொஞ்சம் தண்ணியா இருக்கிறதால ரிப்போர்ட்டில இருக்கிற கணக்கு வித்தியாசமா நிக்குமாம், நாங்களே ரிப்போர்ட்டைப் பாத்து "ஓகே" எண்டு வீட்டில இருந்தா வில்லங்கமாப் போகுமாம். பக்கத்து ஃபிளாட் அன்ரி பப்பாசி இலைச் சாறு போத்தலில கொண்டு வந்து தந்தவா, பாவம் அன்பாத்தான், ஆனா டொக்டர் தொடவே வேண்டாம் எண்டிட்டார். பிள்ளைக்கு இப்ப ஒரு வயசு, சரியான குழப்படி.

ரத்தம் கண்டா, தண்ணி போனா, விடாத தலையிடியோட கண் மங்கினா, முகம் கை திடீரெண்டு வீங்கினா இங்க வந்து எழுதிக்கொண்டிருக்காதேங்கோ, 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும்.

ஒரு அப்பா:
ராவில கெண்டைக்கால் பிடிச்சு மனுசி கத்தினா காலை நேராக்கி பாதத்தை அவவின்ர முகப்பக்கமா மடக்கிப் பிடியுங்கோ. உடன விடும். குறட்டையைப் பற்றி மட்டும் கதைக்காதேங்கோ.

கடலோரம்06:
ஐயோ எல்லாருக்கும் நன்றி, அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினன், டெங்குக் கதையோட பல்கனியில இருந்த பூச்சாடித் தட்டெல்லாம் கவிட்டுப்போட்டா. ஒண்டு கேக்கட்டே, வாற கிழமை கிளினிக்கில ஏற்பு ஊசியாம் (டெட்டனஸ்), சரியா நோகுமே?

ரெண்டு பெட்டையளின்ர அம்மா:
ஊசி போடேக்க இல்ல, அடுத்த நாள்தான் கை கனக்கும். முதல் பிள்ளைக்கு ரெண்டு ஊசி, மற்றது ஆறு எட்டுக் கிழமையால, திகதியை அட்டையில எழுதுவிச்சுக்கொண்டு வாங்கோ. கை லூசான சட்டை போட்டுக்கொண்டு போங்கோ, அங்க சுருட்டி ஏத்திறதுதான் பெரிய பாடு.