ஒரு பெட்டை மற்றதைக் கொத்தியே கொல்கிறது: வெளியே கொடுப்பதா, வைத்துத் திருத்துவதா?

விடைக்கோழி:
ஆறு பெட்டைகள் வளர்க்கிறேன், சேவல் இல்லை. நான்கு பழையவை. மூன்று வாரத்துக்கு முன் ஐந்து மாத வயதில் இரண்டைச் சேர்த்தேன். அதில் பழுப்பு நிறத்ததை எங்கள் கறுப்புப் பெட்டை விடவே மாட்டேன் என்கிறது. தீனித்தொட்டிப் பக்கம் தலை தெரிந்தால் போதும், ஓடி வந்து கொண்டையைக் கவ்விக்கொள்கிறது. நேற்று ரத்தம் வந்துவிட்டது. பழுப்பு இப்போது பகல் முழுக்க முட்டைப்பெட்டிக்குப் பின்னால் ஒண்டி நிற்கிறது. கூண்டு 6 அடிக்கு 4 அடி. அதை ஒட்டி வலை போட்ட திறந்த பகுதி 8 அடிக்கு 5 அடி. தொட்டி ஒன்றுதான். கறுப்பை யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார்கள் வீட்டில். குஞ்சிலிருந்து என் கையில் வளர்ந்தது அது. என்ன செய்யட்டும்?

செங்கொண்டை:
கொடுத்துவிடுங்கள். மனசு கஷ்டப்படும், தெரியும். ஆனால் நான் ஒரு முறை காத்திருந்து பார்த்தவன். "பழகிவிடும், பழகிவிடும்" என்று பத்து நாள் தள்ளினேன். பதினோராம் நாள் காலையில் அடிவாங்கிய பெட்டை கூண்டு மூலையில் செத்துக் கிடந்தது. கொத்தியது ஒன்றுதான், ஆனால் ரத்தம் பார்த்ததும் மற்ற மூன்றும் சேர்ந்துகொண்டன. கோழிக்கு ரத்தச் சிவப்பு கண்ணில் பட்டால் கொத்தாமல் இருக்க முடியாது. ஒன்றுக்காக ஐந்தைப் பணயம் வைக்காதீர்கள்.

மண்கிளறி:
எனக்கு இதில் உடன்பாடில்லை. முதலில், எங்கே கொத்துகிறது என்று பாருங்கள். தலையிலும் கொண்டையிலும் கொத்தினால் அது அதிகாரச் சண்டை. முதுகிலும் வால் அடியிலும் இறகைப் பிடுங்கினால் அது வேறு விஷயம். மண்ணைக் கிளறி இரை தேட வழியில்லாத கோழி, அந்த வேலையைப் பக்கத்துக் கோழியின் இறகில் காட்டுகிறது. தீனியில் புரதமும் உப்பும் குறைந்தாலும் இறகு பிடுங்கும். உங்கள் கறுப்பு செய்வது முதல் வகை.

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெருப் எப்பே சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்து, 1921இல் அதை ஆய்வாகவே எழுதினார். வரிசை ஒரு முறை முடிவாகிவிட்டால் சண்டை குறையும். மேலே இருப்பது தலையைத் தூக்கிப் பார்த்தாலே கீழே இருப்பது விலகிவிடும். புதுக் கோழி வந்தால் அந்த வரிசை கலைகிறது, மறுபடி முடிவாக வேண்டியிருக்கிறது. அதனால் கொத்து விழுவதே குற்றமில்லை. தோற்றது விலகி ஓட இடம் இல்லாததுதான் குற்றம்.

உங்கள் கணக்கையே எடுங்கள். கூண்டுக்குள் ஒரு கோழிக்கு 4 சதுர அடி வருகிறது, அது போதும். வெளியே பொதுவாக ஒன்றுக்கு 10 சதுர அடி வேண்டும் என்பார்கள். ஆறுக்கு 60. உங்களிடம் இருப்பது 40. அதிலும் ஒரே தொட்டி. அந்தத் தொட்டியை ஒரு கோழி காவல் காத்தால் போதும், இன்னொன்று பட்டினி. இதில் கறுப்பைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அதை அனுப்பினாலும் இரண்டாவதாக இருப்பது அந்த இடத்துக்கு வந்து நிற்கும்.

செங்கொண்டை:
மண்கிளறி சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கட்டும். நீங்கள் வலையை நீட்டி, கம்பு நட்டு முடிப்பதற்குள் பழுப்பு என்ன சாப்பிடும்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இடப்பற்றாக்குறை எல்லாக் கோழிக்கும்தான். மற்ற மூன்றும் இப்படிச் செய்யவில்லையே. சில கோழிகளுக்குக் குணமே அப்படி.

கொல்லைப்புறம்:
நடுவில் ஒரு வழி இருக்கிறது. கறுப்பைத் தனிக் கூண்டில் போடுங்கள். அடிவாங்கியதை அல்ல, அடிப்பதை. எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பழுப்பைப் பிரித்தால், திரும்பி வரும்போது அது மறுபடி புதுக்கோழி, வரிசையில் கடைசி. கறுப்பைப் பிரித்தால் அது இல்லாமலே மற்ற ஐந்தும் ஒரு வரிசைக்கு வந்துவிடும். மற்றவை கண்ணில் படாத இடத்தில் 4 நாள், முடிந்தால் ஒரு வாரம். தண்ணீர், தீனி, நிழல் எல்லாம் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இது தண்டனை இல்லை. இருட்டிய பிறகு கொண்டுவந்து கம்பில் ஏற்றிவிடுங்கள். எனக்கு இது இரண்டு முறை பலித்தது, ஒரு முறை பலிக்கவில்லை. பலிக்காத அந்தப் பெட்டை திரும்பிய மறுநாளே பழையபடி ஆரம்பித்தது.

பழுப்பின் காயத்தை உப்புத் தண்ணீரில் கழுவி, ஆறும்வரை பகலில் வலைக்கு இந்தப்பக்கம் வையுங்கள். மற்றவை பார்க்கட்டும், தொடக்கூடாது.

மண்கிளறி:
பிரிப்பதை நான் மறுக்கவில்லை. இடத்தை மாற்றாமல் பிரித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால் அதே சண்டைதான் என்கிறேன். அந்த 4 நாளை வேலைக்குப் பயன்படுத்துங்கள். இரண்டாவது தொட்டி, இரண்டாவது தண்ணீர். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாத மாதிரி நடுவில் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். மூலை முடுக்காக எதையும் வைக்காதீர்கள். ஒளிந்தால் இரண்டு பக்கமும் வெளியேற வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே பொறி. தரையில் வைக்கோலைக் கொட்டி அதில் தானியத்தைத் தூவுங்கள். கீரைக் கட்டைத் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். வாய்க்கு வேலை இருந்தால் வம்பு குறையும்.

இன்னொன்று: இன்றிரவு கோழிகள் கம்பில் ஏறிய பிறகு பழுப்பின் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். பகலில் சாப்பிட்ட கோழிக்குக் கழுத்தடியில் பை நிறைந்து உருண்டையாக இருக்கும். அப்படியே இறகை விலக்கிப் பேன், செள் இருக்கிறதா என்றும் பாருங்கள். நோயுள்ள கோழியையும் மற்றவை விடாமல் கொத்தும். வெளியே தெரியாத நோய் நமக்கு முன்னால் அவற்றுக்குத் தெரிந்துவிடும்.

புதியவர்:
அலகு நுனியை வெட்டிவிட்டால் வேலை முடிந்ததே?

கொல்லைப்புறம்:
செய்யாதீர்கள். அலகு நுனியில் நரம்பு ஓடுகிறது, அது நகம் மாதிரி இல்லை. வலி நாள்கணக்கில் இருக்கும், தீனி பொறுக்கவும் தடுமாறும். அவசியம் ஏதாவது வேண்டுமென்றால், நேராகப் பார்ப்பதை மறைக்கும் பிளாஸ்டிக் மூக்குக் கண்ணாடி கிடைக்கிறது. மூக்கைத் துளைக்காத வகையை மட்டும் வாங்குங்கள். எனக்கு அதிலும் முழு மனசு இல்லை.

விடைக்கோழி:
நேற்றிரவு தொட்டுப் பார்த்தேன். பழுப்பின் இரைப்பை காலி. மற்ற ஐந்துக்கும் நிறைந்திருந்தது. பேன் இல்லை. மூன்று வாரமாக என் கண் முன்னால் பட்டினி கிடந்திருக்கிறது என்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. கறுப்பை இன்று காலையில் வீட்டின் மறுபக்கம் கொண்டுபோய்விட்டேன்.

செங்கொண்டை:
நல்லது செய்தீர்கள். ஒரு வாரம் கழித்து அதைத் திரும்ப விடும் நாளில் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று முழுக்கப் பக்கத்திலேயே இருங்கள்.

விடைக்கோழி (9 நாள் கழித்து):
திறந்த பகுதியை 12 அடிக்கு 5 அடியாக நீட்டிவிட்டேன். தொட்டி இரண்டு, நடுவில் பலகை. கறுப்பு இல்லாத முதல் இரண்டு நாள் மண்கிளறி சொன்னது போலவே இன்னொரு சாம்பல் பெட்டை கொஞ்சம் துள்ளியது. மூன்றாம் நாள் அடங்கிவிட்டது. கறுப்பை முந்தாநாள் இரவு கம்பில் ஏற்றினேன். காலையில் சாம்பல்தான் அதை முதலில் கொத்தியது! கறுப்பு பின்வாங்கியது. பழுப்பை நேற்று இரண்டு முறை துரத்தியது, ஆனால் நாலெட்டு துரத்திவிட்டுத் திரும்பிவிட்டது. பழுப்பு பலகைக்கு அந்தப்பக்கம் போய்ச் சாப்பிட்டது. இரவில் தொட்டேன், பை நிறைந்திருந்தது.

செங்கொண்டை:
இரண்டு நாளை வைத்து நான் நம்பமாட்டேன். மறுபடி ரத்தம் பார்த்தால் இன்னொரு வாய்ப்புக் கொடுக்காதீர்கள், அன்றே அனுப்புங்கள்.

மண்கிளறி:
ரத்தம் பார்த்தால் நானும் பிரிக்கத்தான் சொல்வேன், அனுப்பச் சொல்லமாட்டேன். விடைக்கோழி, இன்னும் இரண்டு வாரம் தினமும் இரவில் பையைத் தொட்டுப் பார்ப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.